நகரத்தில் தங்குங்கள், மலைக்குப் போய் வாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனியைப் பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பகுதியைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் பாளையங்கோட்டையில் பிறந்தவள். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பனிச்சறுக்கில் முழங்கால் அடிபட்டவர்கள். ஆகவே என் யோசனைகளில் ஊர் பாதி, முழங்கால் பாதி இருக்கும்.

நானும் கணவரும், 14 வயது மகன், 9 வயது மகள், 66 வயது மாமியார் என ஐந்து பேர் எட்டு நாள் ஐரோப்பா வர நினைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு ஆசை. எனக்கும் மாமியாருக்கும் ஊர் சுற்றிப் பார்க்க ஆசை. டிராவல் ஏஜென்ட் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஆறு இரவு, மியூனிக்கில் ஓர் இரவு என்று திட்டம் கொடுத்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் வருவதா, பொங்கலையொட்டி வருவதா?
— வாசகி, கோயம்புத்தூர்

அந்தத் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடச் சொல்லுங்கள், அம்மா. இரவெல்லாம் நகரத்தில். மலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோர் முதல் முறையாக இங்கே வந்தபோது, ஆசை ஆசையாக ஒரு மலைக் கிராமத்தில் ஆறு இரவுக்கு அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் பனி. முதல் நாள் அம்மா இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்துப் பூரித்துப் போனார். இரண்டாம் நாள் கிராமத்தைச் சுற்றி வந்தோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, இரண்டு வாடகைக் கடைகள். மூன்றாம் நாள் முதல் நானும் கணவரும் பிள்ளையும் மலைக்குப் போக, அவர்கள் இருவரும் அறையிலேயே இருந்தார்கள். பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட சரிவுப் பாதையில் அறுபத்தெட்டு வயதுக் காலோடு அப்பா எங்கே நடப்பார்? நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான்காம் நாள் மாலை நான் திரும்பியபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் சேரும் பனி கனம் தாங்காமல் சரிந்து தொப்பென்று விழும் அல்லவா, அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். “இன்றைக்கு ஏழு தடவை விழுந்தது” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாளே அவர்களை நகரத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

உங்கள் மாமியாருக்கு அந்த நிலை வர வேண்டாம். சறுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போகும் குழுவுக்கு மலைக் கிராமம் சரி. ஐந்தில் இருவர் சறுக்க மாட்டார்கள், இருவர் முதல் முறை என்ற குடும்பத்துக்கு நகரம்தான் சரி.

எந்த நகரம் என்றால், நான் வாழும் ஊரையே சொல்வேன். இன்ஸ்ப்ரூக் கடல் மட்டத்திலிருந்து 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கோயம்புத்தூரைவிட 160 மீட்டர்தான் அதிகம். நகரின் வடக்கே சுவர் போல நிற்கும் நோர்ட்கெட்டே மலையின் ஹாஃபெலெகார் நிலையம் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். கோவையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று மணி நேரம் ஏறுகிற அதே உயரத்தை, இங்கே பழைய நகரத்தின் ஓரத்தில் ரயில் ஏறி, நடுவில் இரண்டு முறை கேபிள் கார் மாறி, அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். கீழே உள்ள அந்தச் சிறிய ரயிலின் நிலையங்களை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத். பனிக்கட்டி உருகி வழிவது போன்ற கூரைகள், 2007இல் திறந்தார்கள். மாமியார் இதில் தாராளமாகப் போகலாம். நடுவில் 1905 மீட்டரில் ஸேகுரூபே என்ற நிலையத்தில் உணவகமும் வெயில் காயும் நாற்காலிகளும் இருக்கின்றன. உச்சிக்குப் போவதைவிட அங்கேயே ஒரு மணி நேரம் உட்காருவது அவருக்கு இதமாக இருக்கும். இதய நோய் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிள்ளைகளை அந்த மலையில் சறுக்க விடாதீர்கள். நோர்ட்கெட்டே செங்குத்தான மலை; கைதேர்ந்தவர்களுக்கானது. கற்றுக்கொள்ள முட்டெரர்ஆல்ம் என்ற மலைக்குப் போங்கள். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஃபுல்ப்மெஸ் வரை 1904ஆம் ஆண்டு முதல் ஓடும் ஸ்டூபாய் பள்ளத்தாக்கு டிராம், வழியில் கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒன்பது வயதுப் பெண் ஸ்கியை, அதாவது காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகைகளை, தோளில் சுமந்துகொண்டு டிராமில் ஏறி இறங்குவதே அவளுக்கு ஒரு பெரிய நாளாக இருக்கும். சறுக்கிச் சலித்தால் அங்கே மரச் சறுக்குவண்டிக்கென்று நீளமான தனிப் பாதையும் இருக்கிறது. அதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், நீங்களும் ஏறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஊருக்குத் தெற்கே உள்ள பாட்ஷர்கோஃபெல். அதற்கு நகரப் பேருந்தே போகிறது. 1976 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரிய வீரர் ஃப்ரான்ஸ் கிளாமர் மஞ்சள் உடையில் உருண்டு விழுந்துவிடுவார் போலப் பாய்ந்து இறங்கி, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வாங்கியது அந்த மலையில்தான். இன்றும் என் வயதான நோயாளிகள் அதைச் சொல்லும்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒலிம்பிக் முதலில் அமெரிக்காவின் டென்வருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. செலவு தாங்காது என்று அந்த ஊர் இருக்கும் கொலராடோ மாநில மக்கள் 1972இல் வாக்களித்து மறுத்ததால் இங்கே வந்தது. 1964இல் ஏற்கெனவே ஒருமுறை நடத்திய ஊர் என்பதால் தயாராக இருந்தது.

அந்த 1964ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பனி போதிய அளவு பெய்யவில்லை. ஆஸ்திரிய ராணுவ வீரர்கள் மேலே இருந்து பனியை வாரிக்கொண்டு வந்து பாதைகளில் கொட்டினார்கள். சறுக்குவண்டிப் போட்டிக்காக 20,000 பனிக்கட்டிகளை வெட்டி இறக்கினார்கள். “நாங்கள் வரும்போது பனி இருக்குமா” என்று எல்லோரும் கேட்கிறீர்கள். தாழ்ந்த மலைகளில் இப்போது இயந்திரத்தால் பனி தூவி ஈடுகட்டுகிறார்கள். அதுவும் போதாவிட்டால் ஸ்டூபாய் பனியாறு இருக்கிறது. ஸ்கி பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அக்டோபரிலிருந்து கோடையின் தொடக்கம் வரை அங்கே பனிச்சறுக்கு நடக்கும். 3210 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். சறுக்காதவர்களுக்கும் கேபிள் காருக்குத் தனி டிக்கெட் உண்டு. ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

எட்டு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். மியூனிக்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் இன்ஸ்ப்ரூக். மறுநாள் யாரும் மலைக்குப் போக வேண்டாம். தூக்கம் சரியாகாத உடம்போடு சறுக்கப் போவது தவறு. பழைய நகரத்தில் நடந்துவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்கு பூட்ஸ் அளவு பார்த்து வாடகைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த மூன்று நாள் பிள்ளைகளுக்குக் காலையில் பயிற்சி வகுப்பு. குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில்தான் தொடங்கும். விமான டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். புதன்கிழமை வந்து இறங்கினால் பாதி வகுப்பு போய்விடும். கணவர் பிள்ளைகளோடு போகட்டும். நீங்களும் மாமியாரும் நகரத்தில் இருங்கள். அதன்பின் ஒரு நாள் பனியாறு, எல்லோரும் சேர்ந்து. ஏழாம் நாள் மியூனிக், மறுநாள் விமானம். மலைகளும் நகரத்து அருங்காட்சியகங்களும் ஸ்கி பேருந்தும் சேர்ந்து ஒரே அட்டையாக, ‘ஸ்கி பிளஸ் சிட்டி’ என்ற பெயரில் கிடைக்கிறது. சறுக்குகிறவர்களுக்கு அதை எடுங்கள். மாமியாருக்கு நகர அட்டை போதும்.

நகரத்தில் நீங்கள் இருவரும் என்ன பார்ப்பீர்கள்? தங்கக் கூரையை எல்லோரும் பார்ப்பார்கள்: 1500ஆம் ஆண்டு வாக்கில் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காகக் கட்டிய மாடம், பொன்முலாம் பூசிய 2657 செப்பு ஓடுகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதற்குப் பக்கத்தில் உள்ள ஹோஃப்கிர்ஹே தேவாலயத்துக்குத்தான் நேரம் கொடுங்கள். உள்ளே நடுவில் மாக்ஸிமிலியனின் பெரிய சலவைக்கல் சமாதி. இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமான 28 வெண்கலச் சிலைகள், அவருடைய மூதாதையரும் அவர் மூதாதையர் என்று நினைத்துக்கொள்ள விரும்பியவர்களும். பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரும் நிற்கிறார். ஊரார் ‘கறுப்பு ஆண்கள்’ என்று அழைத்தாலும் எட்டு பேர் பெண்கள். அவர்களுடைய உடையின் மடிப்பையும் சங்கிலிக் கண்ணியையும் கிட்டே போய்ப் பாருங்கள். வெண்கலத்தில் இவ்வளவு நுணுக்கமா என்று சோழர் சிலைகளைப் பார்த்து வளர்ந்த நானே நின்றுவிட்டேன். சமாதிக்குள் மன்னர் இல்லை. 1519இல் இறந்தவரை வீனர் நோய்ஷ்டாட் என்ற வேறோர் ஊரில் புதைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர் இன்ஸ்ப்ரூக்குக்கு வந்தபோது, பழைய பாக்கியைத் தீர்க்கவில்லை என்று விடுதிக்காரர்கள் அவருடைய பரிவாரத்துக்கு இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள் என்று இங்கே சொல்வார்கள். மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள்.

எப்போது வருவது என்பதற்குப் பதில்: பொங்கலையொட்டி. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை இங்கே விடுமுறைக் கூட்டம். அறை வாடகை உச்சத்தில் இருக்கும், வகுப்புகள் நிரம்பிவிடும். பிப்ரவரியில் ஆஸ்திரிய, ஜெர்மானியப் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையில் உள்ள ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மாதக் கடைசி வரை அமைதியான காலம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் சில நாள் கூடுதலாக விடுப்பு கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள்.

அதிக இரவு ஆஸ்திரியாவில் தங்குவதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் அடங்காது. இங்கே மலையில் சறுக்கி விழுந்து ஹெலிகாப்டரில் தூக்கிப் போனால், அந்தச் செலவு விழுந்தவர் தலையில்தான்.

நாங்கள் நண்பர்கள் நால்வர், எல்லோருக்கும் 25 வயதுக்குள். மியூனிக், சால்ஸ்பர்க் பார்த்துவிட்டு இரண்டு நாள் பனிச்சறுக்கு. ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு வருவதா? வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டோம், பயிற்சி வகுப்பு தேவையா?
— வாசகர், சென்னை

தம்பி, வகுப்பு தேவை. இரண்டு நாளில் முதல் நாள் முழுவதும் வகுப்புதான். என் சிகிச்சை மேசையில் படுத்தவர்களில் எத்தனையோ பேர் உங்கள் வயது. நண்பன் சொல்லிக்கொடுத்தான் என்று மேலே போனவர்கள்.

பூட்ஸ், ஸ்கி, கழி, ஹெல்மெட் எல்லாம் மலையடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். நீர் புகாத கால்சட்டையும் ஜாக்கெட்டும்கூடச் சில கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டு வர வேண்டியவை: உடம்போடு ஒட்டும், பருத்தி அல்லாத உள்ளாடை இரண்டு செட், நீர் புகாத கையுறை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நல்ல கண்ணாடி, சன் ஸ்கிரீன். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். முகவாய்க்குக் கீழே, மூக்குத் துவாரத்தின் ஓரத்தில்கூட வெயில் சுட்டுவிடும்.

சாக்ஸ் ஒன்று போதும். குளிருமே என்று நம்மவர்கள் இரண்டு மூன்று போட்டுக்கொண்டு வருகிறார்கள். பூட்ஸுக்குள் கால் நெரிபட்டு, ரத்த ஓட்டம் குறைந்து, அதனாலேயே விறைத்துப் போகிறது. முழங்கால் வரை வரும் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். உள்ளாடையின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக் கூடாது. பூட்ஸைப் பூட்டி, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் கெண்டைக்காலின் முன் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும், குதிகால் மேலே தூக்கக் கூடாது, விரல்கள் மட்டும் லேசாக அசைய வேண்டும். அந்த பூட்ஸ்தான் உங்கள் அளவு. செருப்பு போலத் தளர்ச்சியாக இருப்பதைக் கேட்டு வாங்காதீர்கள்.

இப்போது நான் சொல்வதை நால்வரும் கவனித்துப் படியுங்கள். வாடகைக் கடையில் ஒரு படிவம் தருவார்கள். உயரம், எடை, வயது, சறுக்கும் திறன் கேட்டிருக்கும். பூட்ஸை ஸ்கியோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கின் முன்னும் பின்னும் வில்கள் இருக்கின்றன. நீங்கள் விழுந்து கால் முறுகும்போது, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் அது பட்டென்று பூட்ஸை விட்டுவிடும். எந்த அழுத்தத்தில் விட வேண்டும் என்பதை அந்தப் படிவத்தை வைத்துத்தான் கடைக்காரர் திருகி அமைக்கிறார். நண்பர்கள் முன்னால் வெட்கப்பட்டு ‘ஓரளவு தெரியும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால், வில் இறுக்கமாகிவிடும். அப்புறம் விழும்போது ஸ்கி கழலாது. மூன்று முழத்துக்கு மேல் நீளமான கட்டை நெம்புகோல் போல உங்கள் காலைத் திருகும். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்திருக்கும் நார் அறுந்துபோகும். அந்த நார் அறுந்தால் பழையபடி ஓடி விளையாட ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். படிவத்தில் ‘முதல் முறை’ என்று எழுதுங்கள். உண்மையான எடையை எழுதுங்கள்.

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே தினமும் சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்தது போல் தொடை தரைக்கு இணையாக வரும்படி இறங்கி, நாற்பது நொடி நில்லுங்கள். மூன்று முறை. லிஃப்ட்டை விட்டுப் படியில் ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முக்கியம். இங்கே வந்தபின் மூன்று மணிக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தால், ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று ஏறாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் அந்த ஒரு முறையில்தான் விழுந்தார்கள்.

இடம்: மியூனிக்கிலிருந்து கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஹனுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். சால்ஸ்பர்க்கிலிருந்து ட்ஸெல் அம் ஸேவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாளும் அங்கேயே போங்கள். ஆஸ்திரியாவில் நீலப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலத்தைத் தாண்டாதீர்கள். பாதையில் எப்போதும் உங்களுக்குக் கீழே முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுவதும் அவசரத்துக்கு 112. இந்த இரண்டு எண்களையும் இப்போதே கைபேசியில் சேர்த்துவிடுங்கள்.

முட்டைகூடச் சாப்பிடாத சைவம் நாங்கள். மலை உணவகத்தில் என்ன கிடைக்கும்?
— வாசகி, கும்பகோணம்

பொரித்த உருளைக்கிழங்கு, சாலட், தக்காளி சாஸ் போட்ட பாஸ்தா, சீஸ் பீட்ஸா. இவை அநேகமாக எங்கும் உண்டு. பாஸ்தாவில் முட்டை சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஸூப்பில்தான் ஏமாந்துவிடுவோம். சீஸ் உருண்டை மிதக்கும் ஸூப்பைப் பார்த்தால் சைவம் போலவே தெரியும். சாறு மாட்டிறைச்சியில் இறக்கியதாக இருக்கும். உருண்டையிலும் முட்டை உண்டு. கைஸர்ஷ்மார்ன் என்ற இனிப்பிலும் முட்டைதான் பிரதானம். நகரத்தில் தங்குவதன் இன்னொரு நன்மை இங்கே தெரியும்: சமையலறை உள்ள அறையாக எடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், பருப்பு எல்லாம் கிடைக்கும். காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். பல மலைகளில் கொண்டுபோன உணவைச் சாப்பிடத் தனி இடமே இருக்கிறது. ஃபிளாஸ்கில் சுடச்சுட ரசம் கொண்டு போனவள் நான். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

என் கணவருக்குக் கடுங்குளிர் ஆகாது. ஆனாலும் ஒரு நாளாவது பனியில் நிற்க வேண்டும் என்கிறார். வெயில் அடிக்கிற ஊரும் பனியும் சேர்ந்து கிடைக்குமா?
— வாசகி, மதுரை

கிடைக்கும். ஸ்பெயினில் கிரனாடா போங்கள், மார்ச் மாதத்தில். நகரத்தில் பகல் வெயிலுக்கு ஸ்வெட்டர் போதும். பேருந்தில் ஒரு மணி நேரம் ஏறினால் சியர்ரா நெவாடா மலை. அங்குள்ள பிரடோல்யானோ கிராமமே 2100 மீட்டர், சறுக்குப் பாதைகள் 3300 மீட்டர் வரை. உயரம் கூடுதல் என்பதால் மெதுவாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். கேபிள் காரில் மேலே உள்ள போர்ரெகிலெஸ் நிலையம் வரை போய்ப் பனியில் நின்றுவிட்டுத் திரும்பினால் அவருக்குப் போதும். அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மட்டும் விமான டிக்கெட் எடுத்த கையோடு முன்பதிவு செய்துவிடுங்கள். டிக்கெட் பெயரில்தான் கொடுப்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அதனுள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையக் குறித்த நேரம் தவறினால் விட மாட்டார்கள். மலைக்கும் அரண்மனைக்கும் ஒரே நாளை ஒதுக்காதீர்கள்.

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேர்ன் பக்கத்தில் வாழ்கிறேன். வயது 46. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூட ஸ்கி லாகருக்கு (பனிச்சறுக்கு முகாமுக்கு) போய்ப் போய் நன்றாகச் சறுக்குகிறார்கள். குடும்பமாகப் போனால் நான் கீழே தேத்தண்ணீரோடு காத்திருப்பேன். இந்த வயதில் தொடங்கலாமா? எல்லோரும் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருக்கிறது.
— வாசகி, சுவிட்சர்லாந்து

தங்கச்சி, உன் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் நானும் அப்படித்தான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சறுக்கத் தொடங்கியபோது எனக்கு 38 வயது. அது வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூன்று வயதில் கற்றுக்கொள்ளும் விஷயம், எனக்கானதல்ல என்று நானாகவே ஒதுங்கியிருந்தேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை.

முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பயம் பாதி குறையும். சமதரையில் முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கி மாட்டி நடக்கச் சொல்வார்கள். பிறகு மறு காலில். பிறகு இரண்டும். மேட்டில் பக்கவாட்டில் படியேறுவது போல ஏறப் பழக்குவார்கள். அதன்பின் தரையோடு ஓடும் ரப்பர் பட்டையில் நின்றால் அதுவே மேலே கொண்டுபோகும். அதற்கு ‘மாயக் கம்பளம்’ என்று பெயர். மேலே நின்று, ஸ்கிகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்ட வேண்டும், ஓட்டு வீட்டுக் கூரை முகடு போல. இதைப் பனிக்கலப்பை என்கிறார்கள். குதிகால்களை வெளியே தள்ளத் தள்ள வேகம் குறையும், நின்றுவிடும். நின்றுவிட முடிகிறது என்று கால் கண்டுகொள்ளும் அந்தக் கணத்தில் பயம் போய்விடும். எனக்கு அது இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு நடந்தது. பயிற்சியாளர் அறுபது வயதைத் தாண்டிய அம்மாள். “பின்னால் சாயாதே, பள்ளத்தாக்கைப் பார்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பயந்தால் உடம்பு மலைப்பக்கமாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். முன்னால் குனிந்து கைகளை நீட்டி வைத்தால் அடங்கி வரும்.

விழுந்தால் எழுவது எப்படி என்பதை வீட்டில் கம்பளத்திலேயே பழகலாம். இரண்டு ஸ்கியும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கத்தில் வர வேண்டும். பிறகு கையை மேட்டுப் பக்கம் ஊன்றி எழும்ப வேண்டும். ஸ்கி பள்ளத்தைப் பார்த்திருந்தால் எழ எழ ஓடும்.

கூச்சத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் லாகருக்குப் போகும் வாரத்தில் நீ லூசேர்னுக்குப் போ. இரண்டு இரவு. அங்கிருந்து எங்கெல்பெர்க்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். டிட்லிஸ் மலையுச்சிப் பக்கம் போக வேண்டாம். ஊருக்குள்ளேயே, 1120இல் தொடங்கிய பெனடிக்ட் துறவிகளின் மடத்துக்குப் பக்கத்தில், தொடக்கக்காரர்களுக்கென்று கிளோஸ்டர்மாட்டே என்ற சிறிய சரிவு இருக்கிறது. குழு வகுப்பு வேண்டாம், வார நாளில் இரண்டு மணி நேரத் தனி வகுப்பு எடு. செலவு கொஞ்சம் கூடுதல்தான். இத்தனை வருடம் கீழே காத்திருந்ததற்கு அது உனக்குச் சேர வேண்டியது. மதியம் லூசேர்னுக்குத் திரும்பி, சுடுநீரில் குளித்துவிட்டு, மாலையில் மரப்பாலத்தில் நட. 1993இல் தீயில் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டிய பாலம் அது. கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, சில இன்னும் கருகிய நிலையிலேயே. மறுநாள் திரும்பவும் இரண்டு மணி நேரம். தொடை வலிக்கும், படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

உனக்கு முழங்காலில் பழைய வலி, வீக்கம், இடறல் ஏதாவது உண்டா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் எனக்கு எழுது. ஒரு காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்கும்போது அது உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடி முன் பார்த்து, அதையும் எழுது. அதற்கேற்றாற்போல் என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று அனுப்புகிறேன்.